இடது கை எங்கை?

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்களிடம் அவள் சொன்ன பெயர் அவளுடையதல்ல. வேறு யாருடைய பெயரிலோதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். உண்மைப் பெயரை அறிய எனக்கு ஒரேயொரு சந்தர்ப்பம் கிடைத்தது. அப்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ஸ்ட்ரெதமில் ஒரு லோண்டரியில் வேலை செய்தோம். ஹை ரோட்டிலிருந்து பிரிகிற ஒடுங்கிய தெரு, கீழே இறங்கப் பத்துப் படி, இறங்கினால் எந்த நேரமும் நீராவி. முதியோர் இல்லங்களின் படுக்கை விரிப்புகளும் சின்ன ஹோட்டல்களின் துவாய்களும் மூட்டை மூட்டையாய் வரும். யாழ்ப்பாணத்துப் பெண்கள் நாங்கள் நாலு பேர். அவள் ஒருத்தி பிலிப்பீன்ஸ்காரி. எனக்கு முப்பத்துநாலு வயது, அவளுக்கு ஒன்றிரண்டு குறைவாயிருக்கும். இங்கிலீசில் எங்களுக்கும் தடுமாற்றம், அவளுக்கும் தடுமாற்றம். ஒரு வருடத்துக்குள் அவள் எங்களுடைய தமிழைப் பேசத் தொடங்கிவிட்டாள். முதலில் வந்த சொற்கள் எல்லாம் ஏச்சுச் சொற்கள். அது செல்வியின் கைங்கரியம். செல்வி எங்களில் இளையவள், வாய்க்காரி.

ஒரு ஆள் படியிறங்கி வந்தால் நாங்கள் முகத்தைப் பார்ப்போம். அவள் கையைப் பார்ப்பாள். முகத்தைப் பார்த்தாளா இல்லையா என்றே சொல்லேலாது. மனேஜர் வந்து சம்பளக் கடிதம் நீட்டினாலும் சரி, வான் வண்டியில் துணி கொண்டுவரும் ஆள் சிகரெட் கேட்டாலும் சரி, அவளுடைய கண் அவர்களுடைய விரல்களில் இருக்கும். அதுவும் வேலை செய்கிற கையில் இல்லை, சும்மா தொங்குகிற மற்றக் கையில். ஆளை ஞாபகம் வைத்திருப்பதும் அப்படித்தான். "பெருவிரல் நகம் கறுத்த ஆள்" என்பாள். நாங்கள் மூளையைக் கசக்கி, ஓ, அந்த வான்காரன் என்று கண்டுபிடிப்போம்.

சாப்பிட இருக்கும்போது கதவைப் பார்த்தபடிதான் இருப்பாள். அந்தக் கதிரையில் வேறு யாரும் இருந்தால் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றுகொண்டே சாப்பிடுவாள். படியில் காலடி கேட்டால் மெல்லுவது நின்றுவிடும். எங்களுக்கும் அது புதிதல்ல. நாங்களும் ஜீப் சத்தத்துக்குக் காது கொடுத்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் எங்களுக்கு லண்டன் வந்ததும் அந்தக் காது மெல்ல மெல்ல அடைத்துப் போய்விட்டது. அவளுக்கு லண்டனில்தான் அது திறந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அவள் அடிப்பதை முதலில் கண்டது பஸ் தரிப்பில். மழைக்காலத்துப் பின்னேரம், 159க்காக நின்றோம். இரண்டு வெள்ளைப் பெடியன்கள் வந்து எங்களைச் சுற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒருவன் செல்வியின் ஹாண்ட்பேக் பட்டியைப் பிடித்து இழுத்தான். பிலிப்பீன்ஸ்காரியின் கையில் நீளக் குடை ஒன்று இருந்தது. குடை மேலே போனதை நான் காணவில்லை. டக்கென்று ஒரு சத்தம், பெடியன் தன் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். அவளுடைய இடது கை அதற்குள் பட்டியை வாங்கிச் செல்வியிடம் கொடுத்துவிட்டிருந்தது. அவர்கள் ஏசிக்கொண்டே போனார்கள். மூக்கை உடைத்திருக்கலாமே என்று செல்வி குதித்தாள்.

"மூக்கு என்ன செய்தது?" என்றாள் அவள். "கைதானே எடுத்தது."

அதற்குப் பிறகு நாங்கள் விடவில்லை. எங்களுக்கும் காட்டித் தா என்று மூன்று கிழமை அரித்தோம். கடைசியில் சம்மதித்தாள். எங்கள் பங்குக் கோயில் மண்டபம் சனிக்கிழமை பின்னேரத்தில் சும்மா கிடந்தது. பங்குச் சுவாமி வயதான ஐரிஷ்காரர், காது கொஞ்சம் மந்தம். தடியை வைத்து ஒரு பழைய கலை என்று செல்வி விளக்கினாள். அவர் அதை நாட்டுப்புற நடனம் என்று விளங்கிக்கொண்டு, விழாவுக்கு ஆடுவீர்களா என்று கேட்டார். நாங்கள் மறுக்கவில்லை.

தடி என்றால் பிரம்பு. கதிரை பின்னுகிற ஒரு கடையில் வாங்கி வந்தாள். ஒவ்வொருத்தியின் கமக்கட்டிலிருந்து உள்ளங்கை வரைக்கும் அளந்து வெட்டினாள், பிறகு காஸ் அடுப்பில் வாட்டினாள். பிரம்பு என்றதும் எங்களுக்கு ஞாபகம் வந்தது பள்ளிக்கூடத்து அடி. அவளுக்கு ஞாபகம் வந்தது வேறு. இது தடியில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அவளுடைய ஊர் கரும்புத் தோட்டம். தகப்பன் கரும்பு வெட்டுகிறவர். இது அவருடைய கத்தி என்று நினைத்துத்தான் பிடிக்க வேண்டும், கத்தியென்று நினைக்காதவள் கீழே வைத்துவிட்டுப் போகலாம் என்றாள். அடியில் ஒரு பிடி இடம் விட்டுப் பிடிக்க வேண்டும். கீழே கிடக்கிற தடியைக் கடந்து கால் வைக்கக் கூடாது. ஒருநாள் செல்வி விளையாட்டாய் அதைத் தாண்டினாள். படிப்பிக்கிறவள் தடிகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். லோண்டரியில் அவ்வளவு சிரிப்பவள், தடி கையில் வந்தால் சிரிக்க மாட்டாள். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாயிருக்கும்.

பாடம் சின்னதுதான். உலகத்தில் எவன் எதனால் அடித்தாலும் அது பன்னிரண்டு வழியில் ஒன்றாய்த்தான் வரும் என்பது அவளுடைய கணக்கு. ஊனோ, அதாவது ஒன்று, என்றால் தலையின் ஒரு பக்கம், டோஸ், இரண்டு, என்றால் மற்றப் பக்கம், பிறகு முழங்கைகள், வயிற்றுக்கு நேராய் ஒரு குத்து, இப்படியே போகும். வருவது தடியா கத்தியா போத்தலா என்று பார்க்காதே, எந்த வழியால் வருகிறது என்று மட்டும் பார். நிலத்தில் சோக்கட்டியால் ஒரு முக்கோணம் கீறுவாள். முனையில் நாங்கள் நிற்க வேண்டும். நேரே முன்னால் போனால் அடி வாங்குவாய், நேரே பின்னால் போனால் சுவர் வரும் வரைக்கும் போய்க்கொண்டேயிருப்பாய். கோட்டின் வழியே சரிந்து போ. போய், ஆளை அடிக்காதே, கையை அடி. பாம்பின் பல்லைப் பிடுங்கினால் பிறகு அது வெறும் கயிறு என்பாள்.

எங்களிடம் இரண்டு பிழை இருந்தது. இரண்டும் எங்கள் ஊர்ப் பிழை. முதலாவது கோலாட்டம். ஆளுக்கு இரண்டு தடி கொடுத்து மாறி மாறி அடிக்கச் சொன்னதும் எங்களுக்குத் தலைகால் தெரியவில்லை. பள்ளிக்கூட மேடையில் ரிப்பன் கட்டி ஆடியவர்கள் நாங்கள். தாளம் தப்பாமல் டக்கு டக்கு என்று அடித்தோம், இடுப்பு தானாய் வளைந்தது, முகத்தில் சிரிப்பு வேறு. அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செல்வியின் முன்னால் வந்து, அவளுடைய தடியைத் தொடாமல் நேரே விரலில் ஒரு தட்டுத் தட்டினாள். செல்வி அழுதே விட்டாள். நீங்கள் தடியைத் தேடி அடிக்கிறீர்கள், தடி இடையில் வந்து மறிக்கிற சாமான், தேட வேண்டியது அதற்குப் பின்னாலிருக்கிற கை என்றாள். அந்தப் பிழை இரண்டு கிழமையில் போய்விட்டது.

இரண்டாவது பிழை போகவில்லை. எனக்குப் போகவேயில்லை. ஒற்றைத் தடி பிடிக்கும்போது இடது கை நெஞ்சுக்கு முன்னால், விரித்தபடி, எப்போதும் விழித்திருக்க வேண்டும். அவர்களுடைய பாஷையில் அதற்கு உயிருள்ள கை என்று பெயராம். தடி பிடித்த கை எதிரியின் கண்ணுக்கு வேலை கொடுக்கிறது. வந்த கையைத் தள்ளுவதும் மறிப்பதும் ஆயுதத்தைப் பறிப்பதும் வெறுங்கை. எங்களுக்கு அந்தக் கை எழும்பாது. இடது கையை ஒருவருக்கு முன்னால் நீட்டக் கூடாது என்று தவழத் தொடங்கிய நாளிலிருந்து அடித்து வளர்த்திருக்கிறார்கள். பூசையில் நற்கருணையை இடது உள்ளங்கையில் வாங்கலாம் என்று லண்டன் சுவாமியார் படித்துப் படித்துச் சொல்லியும், எங்கள் ஆட்கள் இன்னமும் நாக்கைத்தான் நீட்டுகிறார்கள். எனக்கோ இடது கை தானாய்ப் போய் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துவிடும், இல்லாவிட்டால் கார்டிகன் பைக்குள் போய்விடும்.

"அக்கா, இடது கை எங்கை?"

ஒரு சனிக்கிழமைக்கு முப்பது தரமாவது கேட்பாள். குரலை உயர்த்த மாட்டாள். கேட்டுவிட்டு முழங்கையில் ஒரு தட்டு. என் முழங்கை கன்றிப் போயிருந்ததை வீட்டில் என் மனிசன் கண்டு, லோண்டரி மெஷினில் இடித்ததோ என்று விசாரித்தார். ஓம் என்றேன். லோண்டரியில் ஸ்திரிக்கை போட்டுக்கொண்டு நிற்கும்போதும் பின்னால் வந்து அதையே கேட்பாள். எனக்கு எரிச்சலாய் வரும்.

அவளுடைய கதை எனக்குத் தெரியவந்தது விரிப்பு மடிக்கும்போது. பெரிய விரிப்பை இரண்டு பேர்தான் மடிக்கலாம். இந்த முனையில் நான், அந்த முனையில் அவள். கிட்ட வந்து நுனிகளைச் சேர்ப்போம், விலகி உதறுவோம், மறுபடி கிட்ட வருவோம். அந்தக் கிழமை லூர்து யாத்திரைக்குப் பங்கிலிருந்து பஸ் போகிறது, பாஸ்போட் உள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நீயும் வாவன் என்றேன். அவள் கிட்ட வந்தபோது ஒரு வசனம் சொன்னாள். அடுத்த விரிப்புக்கு அடுத்த வசனம். ஒரு மூட்டை முடிய முழுக்கதையும் வந்துவிட்டது.

ஒரு பணக்காரக் குடும்பத்தோடு வீட்டு வேலைக்கு என்று லண்டனுக்கு வந்தவள். மேற்கு லண்டனில் வெள்ளைத் தூண் வைத்த பெரிய வீடு. துணி அயன் பண்ணுகிற அறையில்தான் படுக்கை. வெளியிலிருந்து பூட்டுவார்கள். பூட்டுகிறவன் வீட்டுச் சாரதி. அவனுடைய வலது கைச் சின்னவிரலில் சிவப்புக் கல் மோதிரம். கதவு சாத்துகிறபோது கடைசியாய்த் தெரிவது அந்தக் கைதானாம். ஒருநாள் குப்பைப் பையை வெளியே வைக்கப் போனவள் வீட்டுச் செருப்போடு அப்படியே நடந்துவிட்டாள். பாஸ்போட் வீட்டுக்கார மேடத்தின் கண்ணாடி மேசை லாச்சிக்குள். அந்த வீட்டைவிட்டு வந்து இரண்டு வருடம். ஊரில் தாயிடம் விட்டுவிட்டு வந்த மகளுக்கு அப்போது நாலு வயது, இப்போது ஏழு. பாஸ்போட்டுக்கு இன்னும் நாலு மாதம்தான் தவணை. அதற்குள் கையில் கிடைத்தால் பிளேன் ஏறலாம். எந்த அலுவலகத்துக்குப் போகவும் பயம். போனால் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான். அந்த வீட்டு விலாசத்தைச் செபம் சொல்வதுபோல் எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து என் கதையைச் சொன்னேன். ஏஜென்ட் சொன்னபடி நான் என் பாஸ்போட்டைத் துண்டு துண்டாய்க் கிழித்து பிளேன் கக்கூசில் போட்டுவிட்டுத்தான் ஹீத்ரோவில் இறங்கினேன், அப்படியென்றால்தான் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று. அவள் விரிப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"கிழிச்சீங்களோ? நீங்களோ?" என்று கேட்டாள். பிறகு என் இரண்டு கையையும் பார்த்தாள்.

அந்தப் பார்வை என்னைச் சுட்டது. அதனால்தான் அந்த மடைத்தனத்தைச் செய்தேன் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். கடிதம் எழுதுவதில் எனக்குப் பெயர். அயலில் யாருக்கு அரசாங்கக் கச்சேரிக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். மரியாதையாய், நியாயத்தை எடுத்துச் சொல்லி, நல்ல இங்கிலீசில் எழுதினால் எந்தப் பெரிய மனிசரும் இரங்குவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த மேடமும் ஒரு தாய்தானே. அவளுக்குச் சொல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்து, கனம் பொருந்திய அம்மணி அவர்களுக்கு என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. மகளைப் பற்றி எழுதிய இடத்தில் எனக்கே கண் கலங்கியது. படிப்பித்தபடி, வலது பக்க மேல் மூலையில் அனுப்புகிறவரின் விலாசமும் போட்டேன். என் வீட்டு விலாசத்தை விடப் பங்குக் கோயில் விலாசம் கௌரவமாயிருக்கும் என்று அதைப் போட்டேன்.

பதின்மூன்று நாள் பதில் இல்லை. பதினாலாம் நாள் ஞாயிறு பூசையில் கடைசி வரிசை வாங்கில் சாம்பல் நிறக் கோட்டோடு ஒரு தடித்த மனிதன் இருந்தான். புதிதாய் யாரோ என்று நானும் தலையாட்டினேன். அவள் பீடத்திலிருந்து திரும்பி வந்தவள் வழியில் நின்றாள். அவள் பார்த்தது முகத்தையல்ல. முன் வாங்கின் மேல் வைத்திருந்த அவனுடைய கையை. சின்னவிரலில் சிவப்புக் கல். அவள் அப்படியே திரும்பி, சுவாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குள் நுழைந்து பின்கதவால் போய்விட்டாள். எனக்கு நாக்கிலிருந்த நற்கருணை இறங்கவில்லை.

திங்கட்கிழமை விரிப்பு மடிக்கும்போது சொன்னேன். எழுதினேன் என்றேன். அவள் கிட்ட வந்தாள், நுனியைச் சேர்த்தாள், விலகினாள்.

"விலாசம் போட்டீங்களோ?"

"ஓம்."

"எங்கை?"

"வலது பக்க மூலையிலை."

அதற்குப் பிறகு ஆறு விரிப்பு மடித்தோம். ஏசினால் நன்றாயிருக்கும் என்று எனக்கிருந்தது. தங்கச்சி, வேற இடத்துக்குப் போ, என்ரை மச்சாள் கிங்ஸ்பரியிலை இருக்கிறா, இண்டைக்கே கொண்டுபோய் விடுறன் என்றேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அந்தக் கிழமையில் அவள் வாய் திறந்து நீளமாய்ப் பேசியது அப்போதுதான்.

"அவன் சும்மா வரமாட்டான் அக்கா. புத்தகத்தைக் காட்டாட்டி நான் வரமாட்டன் எண்டு அவையளுக்குத் தெரியும். கொண்டுதான் வருவான். தூர நிண்டா எங்களுக்கும் கை எட்டாது. கிட்ட வரட்டும். சனிக்கிழமை வகுப்பு இருக்கெண்டு கோயில் பலகையிலை சுவாமி ஒட்டியிருக்கிறார், அவன் பாத்திருப்பான்."

அந்த ஐந்து நாளும் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். படியில் காலடி கேட்டால் இப்போது எனக்கும் மெல்லுவது நின்றது. அவளோ வழமைபோல வேலை செய்தாள். நான் கடிதம் எழுதாவிட்டால் அந்தப் புத்தகம் லாச்சிக்குள்ளேயே கிடந்திருக்கும் என்று செல்வி எனக்குச் சமாதானம் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

சனிக்கிழமை மண்டபத்தில் அவள் எங்களுக்கு முதலில் சொன்னது யாரும் அடிக்கக் கூடாது என்பது. அடித்தால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் புத்தகத்தைக் கேட்கும். ஒரு காயம், ஒரு கன்றல் அவனுடைய உடம்பில் இருக்கக் கூடாது. எனக்கு அவள் தடியே தரவில்லை. கதவடியில் தேநீர் மேசை இருக்கிறது, அதில் நில்லுங்கள், தேத்தண்ணி போடுங்கள் என்றாள். தண்டனை என்றுதான் நினைத்தேன். கேத்தலில் தண்ணீர் நிரப்பினேன்.

மூன்று மணிக்கு வந்தான். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தான், அவ்வளவு மரியாதை. எனக்கு மூன்றடி தூரத்தில், என் பக்கம் திரும்பாமல் நின்றான். மேசையடியில் கேத்தலோடு நிற்கிற பெண்ணை யார் பார்ப்பார்கள். மேடம் வெளியே காரில் இருக்கிறார், எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார், வீட்டுக்கு வந்து ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று மென்மையான இங்கிலீசில் அவளிடம் சொன்னான். கோட்டுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து வலது கையில் உயர்த்திக் காட்டினான். மெல்லிய, மூலை மடிந்த ஒரு சின்னப் புத்தகம். காரில் ஏறினால் உன்னுடையது என்றான்.

அவள் தடியோடு நடந்து வந்தாள். நேரே வரவில்லை. சோக்கட்டிக் கோட்டின் வழியே அவனுடைய இடப்பக்கமாய்ச் சரிந்தாள். தடி மெதுவாய் மேலே எழும்பியது. அவனுடைய கண் தடியோடு போனது. அடி பார்ப்போம், நானே பொலிசைக் கூப்பிடுகிறேன், பிறகு உன் மகளை எப்போது காண்பாய் என்று கேட்டான். சிரித்தான்கூட. அப்படிக் கேட்டாலும், அவளை நோக்கித் திரும்பிக்கொண்டே புத்தகம் இருந்த கையை அவளுடைய தடிக்கு எட்டாமல் மற்றப் பக்கம் விலக்கினான். மற்றப் பக்கம் என்றால் நான் நின்ற பக்கம். அவள் இன்னொரு அடி சரிந்தாள். அந்தக் கை இன்னும் கொஞ்சம் விலகியது. சிவப்புக் கல் என் முகத்துக்கு நேரே இருந்தது.

அவள் அவனைப் பார்த்தபடியே, ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிற அதே குரலில், தமிழில் கேட்டாள்.

"அக்கா, இடது கை எங்கை?"

கார்டிகன் பைக்குள் இருந்தது. வலது கையில் கொதிக்கிற கேத்தல். அதுவரையில் என் இடது கை என் சொல் கேட்டதேயில்லை. அன்றைக்கும் நான் சொல்லிக் கேட்கவில்லை. அவள் சொல்லித்தான் கேட்டது. அது பையைவிட்டு வந்ததையும் போனதையும் நான் அறியேன். புத்தகம் என் விரல்களுக்குள் இருந்தது, அட்டை அவனுடைய கைச் சூட்டோடு இருந்தது.

அவன் திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். எலும்பு நொறுங்கும் போலிருந்தது. கேத்தல் ஆடி என் காலில் சுடுதண்ணீர் சிந்தியது, நான் அதை விடவில்லை, புத்தகத்தையும் விடவில்லை. அவள் அடிக்கவில்லை. தடியை அவனுடைய மணிக்கட்டின் மேல் குறுக்காய் வைத்தாள், மற்ற நுனியைத் தன் இடது கையால் கீழிருந்து பிடித்தாள், தோள் இரண்டையும் கொஞ்சம் இறக்கினாள். அவ்வளவுதான். அவனுடைய வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாய் விரிந்தன. அவள் உடனே தடியை எடுத்துக்கொண்டு ஓரடி விலகி நின்றாள்.

அந்த நேரம் பார்த்துச் சுவாமியார் கதவைத் திறந்தார். ஐந்து பெண்கள் தடியோடும் கேத்தலோடும் நிற்பதையும் நடுவில் கோட்டுப் போட்ட மனிதன் கையைத் தடவிக்கொண்டு நிற்பதையும் பார்த்து முகம் மலர்ந்தார். நடனம் பார்க்க வந்தீர்களா, இருங்கள், நன்றாய் ஆடுவார்கள் என்றார். அவன் சுவாமியாரின் கழுத்துப் பட்டியைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். அதில் ஒரு சிவப்பு அடையாளம்கூட இல்லை. பொலிசிடம் என்ன சொல்லுவான், இன்னொருத்தியின் பாஸ்போட்டைப் பறித்துவிட்டார்கள் என்றா. வெளியே போனான். கார் புறப்படும் சத்தம் கேட்டது. செல்வி ஓடிப்போய்ச் சுவாமியாருக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

அவள் என் முன்னால் வந்து நின்றாள். புத்தகம் என் இடது கைக்குள் விரிந்தபடி இருந்தது, படமும் பெயரும் உள்ள பக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளாய்ச் சொல்லாத பெயரை, நான் செய்த வேலைக்குப் பிறகு, களவாய்ப் பார்க்க எனக்கு என்ன உரிமை. மூடிய கண்ணோடு கேத்தலை மேசையில் வைத்தேன். புத்தகத்தை வலது கைக்கு மாற்றப் போனேன், பழக்கம் அப்படி. அவள் என் வலது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம். அந்தக் கையாலையே தாங்கோ."

கொடுத்தேன். என் வாழ்நாளில் ஒருவருக்கு இடது கையால் கொடுத்த முதல் பொருள் அதுதான்.

புதன்கிழமை லோண்டரிக்கு வந்து கணக்கு முடித்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமை பிளேன். விமான நிலையத்துக்கு யாரும் வரக் கூடாது என்றாள். தடிகளை எங்களிடம் விட்டுப் போனாள். படியேறும்போது திரும்பி, "அக்கா, இனிக் கடிதம் எழுதினா விலாசம் போடாதேங்கோ" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாளா கோபத்தில் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம், தொண்ணூறுகளின் தொடக்கம், லோண்டரிக்கு ஒரு கடிதம் வந்தது. உறையில் ஆங்கில எழுத்தில் அக்கா என்று மட்டும். உள்ளே ஒரு படம். வெயில் கொட்டுகிற முற்றத்தில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, வலது கையில் பிரம்பு, இடது கை நெஞ்சுக்கு முன்னால், விரித்தபடி, இருக்க வேண்டிய இடத்தில். படத்தைச் சுற்றி மடித்திருந்த தாளில் ஆங்கில எழுத்தில் ஒரு வரித் தமிழ்: "இடது கை இருக்கு, அக்கா."

எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வேண்டியது நிறைய இருந்தது. முதலாவதாய் மன்னிப்பு, நான் அதை அவளிடம் வாய் திறந்து கேட்டதேயில்லை. நாலு பக்கம் எழுதினேன். விலாசம் எழுத அவளுடைய தாளைத் திரும்ப எடுத்து, வலது பக்க மேல் மூலையைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. உறையின் பின்பக்கத்தையும் பார்த்தேன்.

அந்த நாலு பக்கமும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.